வெள்ளந்தி என்று யாரைச் சொல்கிறோம்?

நம்மவர் நாவில் அடிக்கடி வரும் சொற்களுள் வெள்ளந்தி என்பது ஒன்று. வீட்டிலே பெரியம்மாவைப் பற்றிப் பேசும்போது, "அவர்கள் வெள்ளந்தியான மனுஷி, ஒருவரைச் சந்தேகிக்கத் தெரியாது" என்கிறோம். அப்போது அச்சொல்லில் அன்பும் மரியாதையும் நிறைந்திருக்கின்றன. அதே சொல்லைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடைக்குள் நுழையும் ஒருவரைக் கண்டதும், கையாளிடம் தணிந்த குரலில் சொல்வோரும் உண்டு. "தம்பி, ஆள் வெள்ளந்தி, பார்த்துக்கொள்!" இந்தப் 'பார்த்துக்கொள்' என்பதற்குக் கவனமாக உபசரி என்பது பொருளன்று. விலையைச் சற்று ஏற்றிச் சொல்லலாம், அவர் கேட்கமாட்டார் என்பதே பொருள். கடை வைத்திருப்போர் எவருக்கும் இது விளங்கும்.

இலக்கண நூல்களில் குழூஉக்குறி என்று ஒன்று சொல்வார்கள். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் இட்டு வழங்குவது அது. பொன்னைத் தட்டார்கள் 'பறி' என்று சொல்வதை உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். வெள்ளந்தி என்ற நல்ல தமிழ்ச் சொல், நம் கடைவீதிகளில் சில இடங்களில் அப்படியொரு குழூஉக்குறியாகிக்கொண்டிருக்கிறது. ஆதலால் இம்முறை பாடத்துக்கு அச்சொல்லையும் அதன் உறவுச் சொற்களையும் எடுத்துக்கொண்டோம்.

வெள்ளந்தி, வெள்ளை என்னும் சொல்லோடு உறவுடையது. கள்ளம் என்ற கறை படியாத மனம் வெள்ளை மனம். இது வண்ணான் வெளுத்துக் கொடுத்த வேட்டியின் வெண்மை போன்றதன்று. பாலும் பருத்தியும் தம் இயல்பிலேயே வெள்ளையாக இருக்கின்றனவே, அப்படிப்பட்டது. அதனால்தான் தந்திரக்காரன் ஒருவன் சாதுவைப்போல் நடித்தால் அவனை வெள்ளந்தி என்று யாரும் சொல்வதில்லை. முயன்று வரவழைத்துக்கொள்ள முடியாத குணம் அது. அப்பாவி என்ற சொல்லும் இதற்கு அருகில் நிற்கிறது. எனினும் அப்பாவி என்னும்போது, ஏதோ ஒரு துன்பம் அவர்மேல் வந்து விழுந்துவிட்டது என்ற குறிப்பும் கூடவே வருகிறது. குண்டு வீச்சில் மாண்டவர்களைப் பத்திரிகைகள் அப்பாவி மக்கள் என்றுதானே எழுதுகின்றன? வெள்ளந்தி என்பதற்கு அப்படித் துன்பம் எதுவும் வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போதும் அவர் வெள்ளந்திதான்.

வெள்ளைக்கு இன்னொரு முகமும் உண்டு. எழுதாத தாளும் வெள்ளைத் தாள்தான். ஒன்றும் இல்லாமையும் வெண்மையே. திருக்குறளில் புல்லறிவாண்மை என்ற 85ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் வெண்மை என்ற சொல்லை அறிவின்மை என்னும் பொருளில் ஆள்கிறார். அதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. விலை தெரியாதவனையோ, ஊர் தெரியாதவனையோ அவர் அங்கே சுட்டவில்லை. தன்னைத் தானே அறிவாளி என்று எண்ணிக்கொள்ளும் செருக்குக்குத்தான் அவர் வெண்மை என்று பெயர் வைக்கிறார். அந்தக் கணக்கின்படி பார்த்தால், பத்து வெள்ளிப் பொருளை இருபதுக்குத் தள்ளிவிட்டு, "எப்படி என் சாமர்த்தியம்?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சிரிப்பவர் எந்த வெள்ளையில் சேருவார் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வெகுளி என்ற சொல்லைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. இக்காலத்தில் வெகுளி என்றால் சூதுவாது அறியாதவர். பழைய நூல்களிலோ அதற்குக் கோபம் என்பதே பொருள். தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளி ஒன்று. குறளின் 31ஆம் அதிகாரமாகிய வெகுளாமை, சினம் கொள்ளாதிருப்பதைப் பற்றியது. நம் பிள்ளைகள் இதை அறியாமல், வெகுளியாக இருக்கக்கூடாது என்று வள்ளுவர் சொல்லிவிட்டதாகப் பொருள் பண்ணிக்கொண்டால் அநியாயமாகப் போய்விடும்.

இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய இன்னொரு பழமையான சொல் மடம். பெண்களின் குணமாக அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று அடுக்குவதைக் கேட்டுக் கேட்டு, மடம் என்றால் மடமை என்று பலர் எண்ணிவிட்டார்கள். புறநானூற்றில் அதற்கு வேறு மதிப்பு இருக்கிறது. மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த பேகன் என்ற வள்ளலைப் பரணர் என்னும் புலவர் 142ஆம் பாட்டில் பாடுகிறார். வறண்ட குளத்திலும் விளைநிலத்திலும் பெய்கின்ற மழை, ஒன்றும் விளையாத களர்நிலத்திலும் வேற்றுமை பாராமல் பெய்கிறதல்லவா? அதுபோலப் பேகன் கொடுப்பதில் கணக்குப் பார்க்கமாட்டான் என்று சொல்லி, அதற்குக் கொடைமடம் என்று பெயர் வைக்கிறார். கூடவே படைமடம் என்று இன்னொரு சொல்லையும் வைத்து, அது மட்டும் அவனிடம் கிடையாது என்கிறார். கொடுக்கும் கை கணக்கு அறியாது. பகைவனுக்கு முன்னாலோ அதே மனிதன் விழித்துக்கொண்டிருப்பான். இந்த இரண்டு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம், பின்னால் தேவைப்படும்.

நம்முடன் வாழும் மலாய்ச் சகோதரர்கள் இத்தகைய மனிதரை 'லுருஸ்' என்பார்கள், நேரானவர் என்று பொருள். அளவு மீறிப் போனால் 'லுருஸ் பெண்டுல்' என்பார்கள். பெண்டுல் என்பது மலாய் வீட்டு வாசலில் குறுக்கே கிடக்கும் கட்டை. அக்கட்டையைப்போல் நேரானவராம்! கேலி இருக்கிறது, ஆனால் நஞ்சு இல்லை.

இனி நம் மார்க்கத்தின் சொற்களுக்கு வருவோம். அரபியில் கஃப்லத் என்றால் அசட்டை, கவனமின்மை. நம் ஆலிம்கள் பயானில் அதைப் பெரும்பாலும் குற்றமாகவே எடுத்துச் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் திருமறையில் சூரத்துந் நூரின் 23ஆம் வசனத்தில், அதே வேரிலிருந்து வரும் காஃபிலாத் என்ற சொல் ஒழுக்கமுள்ள விசுவாசிப் பெண்களுக்குப் புகழாக வந்திருக்கிறது. தீய எண்ணம் என்பதே மனத்தில் தோன்றாத பெண்கள் என்று பொருள். அப்படிப்பட்டவர்கள்மேல் அவதூறு சொல்வோருக்கு இம்மையிலும் மறுமையிலும் சாபம் உண்டு என்று அங்கே எச்சரிக்கப்படுகிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மேல் நயவஞ்சகர்கள் பழி சுமத்திய வரலாற்றை யாவரும் அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, பணிப்பெண் பரீரா (ரலி) அவர்கள் என்ன சொன்னார்கள்? அன்னையாரிடம் தாம் கண்ட குறை ஒன்றே ஒன்றுதான் என்றார்கள். இளம் வயதினராகிய அவர்கள் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உறங்கிப் போவார்களாம், வீட்டு ஆடு வந்து அதைத் தின்றுவிடுமாம். ஆடு தின்றுவிடும் என்றுகூட நினைக்காத உள்ளம், இட்டுக்கட்டியவர்கள் சொன்ன சூழ்ச்சியை எங்கே நினைக்கப் போகிறது? வெள்ளந்தி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்த அகராதியிலும் நாம் காணவில்லை.

இன்னொரு சொல் 'கிர்'. மூமினானவர் கிர்ராகவும் கொடையாளியாகவும் இருப்பார், பாவியோ வஞ்சகனாகவும் ஈனனாகவும் இருப்பான் என்னும் கருத்துள்ள ஹதீது அபூதாவூது, திர்மிதீ ஆகிய கிதாபுகளில் வருகிறது. கிர் என்றால் சூது அறியாதவர், எளிதில் நம்பிவிடுபவர். வணிகர்களாகிய நமக்கு இச்சொல்லின் உறவுக்காரன் ஒருவனை நன்றாகத் தெரியும். வியாபாரத்தில் கரர் கூடாது என்று படித்திருக்கிறோம் அல்லவா? கடலில் நீந்தும் மீனையும், பிறக்காத கன்றையும் விற்கக்கூடாது என்பதெல்லாம் அந்தக் கரரைப் பற்றிய சட்டமே. கிர், கரர் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒன்று ஏமாறும் இயல்பு, மற்றது ஏமாற்றத்துக்கு இடம் வைக்கும் வியாபாரம். முன்னதைப் புகழ்ந்த மார்க்கம் பின்னதைத் தடுத்தது.

மேற்சொன்ன ஹதீதில் வெள்ளந்தியும் கொடையும் ஒரே மூச்சில் வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். பரணரின் கொடைமடம் நினைவுக்கு வருகிறதா? படைமடத்துக்கும் நேர் இருக்கிறது. மூமினானவர் ஒரே பொந்திலிருந்து இருமுறை தீண்டப்படமாட்டார் என்ற கருத்தில் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் ஒரு ஹதீது உண்டு. அதற்கு அபூ அஸ்ஸா என்ற மக்கத்துக் கவிஞனின் வரலாற்றை எடுத்துச் சொல்வார்கள். அவன் 624ல் பத்றுப் போரில் பிடிபட்டான். தான் ஏழை என்றும், பல பெண் மக்களுக்குத் தகப்பன் என்றும் கெஞ்சினான். இனி எதிர்த்து வரமாட்டேன் என்ற வாக்கின்பேரில், ஈட்டுப் பணம் இல்லாமலே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடுவித்தார்கள். மறு ஆண்டு உஹதுப் போரின்போது வாக்கை மீறி வந்து மறுபடியும் பிடிபட்டு, மறுபடியும் கெஞ்சினான். இம்முறை இரக்கம் கிடைக்கவில்லை. ஆகவே வெள்ளந்தி மூமினின் குணம் என்பதற்காக, வாங்கிய கடனைத் திருப்பாதவருக்கே மீண்டும் கடன் கொடு என்றோ, படித்துப் பார்க்காத பத்திரத்தில் மச்சானுக்காக ஜாமீன் கையெழுத்துப் போடு என்றோ யாரும் நமக்குச் சொல்லவில்லை. அதெல்லாம் படைமடம்.

கடைக்காரருக்கு வெள்ளந்தித்தனம் எவ்வளவு ஆகும் என்பது இவ்வாறு விளங்குகிறது. கடைக்கு வருகிறவர் வெள்ளந்தியாக இருந்தால் என்ன செய்வது? நம் கிதாபுகள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான்.

மதீனாவிலே ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்ற சஹாபி ஒருவர் இருந்தார். சில அறிவிப்புகளில் அவர்களுடைய தந்தையின் பெயர் வருகிறது. தலையில் பட்ட ஒரு காயத்தால் புத்தி சற்றுத் தளர்ந்து, நாவும் குழறிப் போயிருந்தது. என்றாலும் வியாபாரத்தை விடமாட்டார்கள். வாங்கினாலும் விற்றாலும் நஷ்டம். வீட்டார் பொறுக்கமுடியாமல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று, இவரைச் சந்தைக்குப் போகாதபடி தடை செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர்களை அழைத்துத் தடுத்தபோது, வியாபாரம் செய்யாமல் தம்மால் பொறுத்திருக்க இயலாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கொடுக்கல் வாங்கலின்போது 'கிலாபா' கூடாது, அதாவது ஏமாற்று கூடாது, என்று எதிராளியிடம் சொல்லிவிடும்படி கற்றுக்கொடுத்தார்கள். வாங்கிய பொருளை மூன்று நாள் வைத்திருந்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். அவர்கள் உதுமான் (ரலி) அவர்களின் கிலாபத்துக் காலம்வரை வாழ்ந்தார்கள். யாராவது அதிக விலை வைத்துவிட்டால், சஹாபாக்களில் ஒருவர் வந்து அந்த மூன்று நாள் உரிமைக்குச் சாட்சி சொல்ல, வியாபாரம் திருப்பப்படும். நாக்குக் குழறலால் 'கிலாபா' என்பதைக்கூட அவர்களால் சரியாக உச்சரிக்க முடியாதாம். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் சந்தை அதை ஏற்றுக்கொண்டது.

வீட்டார் கேட்டதையும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளந்தியைச் சந்தையிலிருந்து விலக்குவது அவர்கள் யோசனை. நடந்ததோ, அவர் சந்தையிலேயே இருக்க, எச்சரிக்கையாக இருக்கவேண்டிய பாரம் மற்ற வியாபாரிகள்மேல் ஏறியது.

பிற்காலத்து உலமாப் பெருமக்கள் இத்தகையவருக்கு 'முஸ்தர்ஸில்' என்று பெயர் வைத்தார்கள். தன்னைத் தளரவிட்டு மற்றவர்மேல் நம்பிக்கை வைத்துவிட்டவர் என்று பொருள். விலை அறியாதவர், பேரம் பேசத் தெரியாதவர். ஹன்பலீ மத்ஹபில், வழக்கத்தை மீறிய விலைக்கு முஸ்தர்ஸிலிடம் விற்றால், அவர் அந்த வியாபாரத்தை முறிக்கலாம். நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈ, ஹனபீ மத்ஹபினர். பொய்யோ மறைப்போ கலவாதவரை, விலை கூடிவிட்டது என்பதற்காக மட்டும் முறிக்கும் உரிமை பொதுவாக இந்த இரண்டிலும் இல்லை. இதைத் தெரிந்து வைத்திருக்கும் சிலர், "நம் மத்ஹபில் இடம் இருக்கிறது" என்று மீசையைத் தடவிக்கொள்வதுண்டு. கூடும் என்பது வேறு, அழகு என்பது வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தைப் பற்றிய பாகத்தில் இந்த வேற்றுமையைத்தான் விரித்துச் சொல்கிறார்கள். அவர்களும் ஷாபிஈ மத்ஹபினரே!

அங்கே வரும் ஒரு வரலாறு துணிக்கடைக்காரர்களுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. பஸராவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்ற பெரியவர் துணி வணிகம் செய்து வந்தார்கள். கடையில் 400 திர்ஹம் ஆடைகளும் இருந்தன, 200 திர்ஹம் ஆடைகளும் இருந்தன. தொழுகைக்குப் போகும்போது சகோதரர் மகனைக் கடையில் வைத்துவிட்டுப் போனார்கள். கிராமத்து அரபி ஒருவர் வந்து 400க்கு ஆடை கேட்க, பையன் 200 திர்ஹம் ஆடையை எடுத்துக் காட்டினான். அவருக்குப் பிடித்தது, மகிழ்ச்சியோடு 400 கொடுத்து வாங்கிக்கொண்டார். வழியில் அவரைச் சந்தித்த யூனுஸ், ஆடையை அடையாளம் கண்டு விலையைக் கேட்டார்கள். "இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாருங்கள்" என்றார்கள். "எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்தியே" என்றார் அவர். விடவில்லை. கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகே பையன் பக்கம் திரும்பினார்கள். பையன் சொன்ன பதில் நம் காதுக்குப் பழகியதுதான்: "அவர் திருப்திப்பட்டுத்தானே வாங்கினார்?" உனக்கு எது திருப்தியோ அதையல்லவா அவருக்கும் நீ திருப்திப்பட்டிருக்க வேண்டும் என்று யூனுஸ் கடிந்துகொண்டார்கள்.

"சம்மதித்துத்தானே வாங்கினார்" என்ற வாதம் இன்று சிங்கப்பூர்ச் சட்டத்திலும் முழுமையாகச் செல்லாது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் 2003ல் இயற்றப்பட்டு 2004ல் நடைமுறைக்கு வந்தது. தம் நலனைத் தாமே காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருப்பவரையும், வியாபாரத்தின் தன்மையையோ மொழியையோ விளைவையோ விளங்கிக்கொள்ள முடியாதவரையும், அது தெரிந்திருந்தும் பயன்படுத்திக்கொள்வது நியாயமற்ற செயல் என்கிறது அச்சட்டம். தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் தெரியாதது போல் இருந்தாலும் அதே கதிதான். படித்துப் பார்த்தால் முஸ்தர்ஸில் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எழுதிய உரை போலத் தோன்றுகிறது.

2014 நவம்பரில் சிம் லிம் சதுக்கத்துக் கைத்தொலைபேசிக் கடை ஒன்றில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி 950 வெள்ளி கொடுத்து ஒரு தொலைபேசி வாங்கினார். காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். ஆங்கிலம் அவருக்குச் சரியாக வராது. பிறகு உத்தரவாதத்துக்கென்று மேலும் 1,500 வெள்ளி கேட்டார்கள். அவர் மண்டியிட்டு அழுத காட்சி உலகெங்கும் பரவியது. கையெழுத்து இருந்தது, ஆகவே சம்மதம் இருந்தது என்றுதான் அந்தக் கடையும் கணக்குப் பார்த்திருக்கும். 2016ல் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய கடைகள்மேல் நடவடிக்கை எடுக்க அதிகாரம் கூட்டப்பட்டது.

நம் தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். வங்காள தேசத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து கட்டட வேலை செய்யும் பிள்ளைகள். ஊருக்கு அனுப்ப ஒரு பெட்டி, தங்கைக்கு ஒரு சேலை, தொலைபேசிக்கு ஒரு அட்டை. பணத்தை எண்ணத் தெரியாமலில்லை. ஆனால் நம் முகத்தையும் தொப்பியையும் பார்த்ததும், கையிலிருக்கும் நோட்டுகளை மேசைமேல் பரப்பி, "எவ்வளவோ எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்று நிற்பவரும் அவர்களில் உண்டு. ஹன்பலீக் கிதாபுகளைப் புரட்டவேண்டியதில்லை, முஸ்தர்ஸில் நேரிலே நிற்கிறார். அண்ணே என்ற சொல்லிலேயே அவர் ஹப்பான் (ரலி) அவர்களின் வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டார் என்றுதான் நாம் கருதுகிறோம்.

விலைச்சீட்டு ஒட்டிய கடையில் இந்தச் சங்கடம் பாதி தீர்ந்துவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே விலை என்று ஆகிவிட்டால், ஆளைப் பார்த்து எடைபோடும் வேலை இல்லை. பேரம் நம் தொழிலின் ருசி என்பாரும் உண்டு. ருசிதான். ஆனால் பேரம் பேசத் தெரிந்தவரோடு பேசுவதே பேரம். தெரியாதவரிடம் ஒருவர் மட்டும் ஆடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பண்டிகை நாட்களில் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு, கடைப் பொருள்களின் பெயரோடும் விலையோடும் முஸ்தர்ஸில் என்ற சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்து, "தம்பி, ஆள் முஸ்தர்ஸில், பார்த்துக்கொள்" என்று சொல்லிப் பார்க்கலாம். குழூஉக்குறி வேண்டும் என்று ஆசைப்படுவோருக்கு இதுவும் குழூஉக்குறிதானே!

அடுத்த பாடத்தில், காசுக்கும் நேர்மைக்கும் பொதுவாக வழங்கும் 'நாணயம்' என்ற சொல்லைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.